தமிழ் மிஸ் ஆனது ஏன்? மொரீஷியசிலிருந்து ஒரு புது ஆசிரியையின் பதில்கள்

இந்த ஜனவரியில் மொரீஷியசின் தெற்குப் பகுதியில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் தமிழ் ஆசிரியையாகச் சேர்ந்தேன். பிள்ளைகளின் பெற்றோர், கோவிலில் பார்க்கிற பெரியவர்கள், சென்னையில் என்னோடு படித்த தோழிகள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போது சொல்கிற பதில் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அதனால் எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

நீங்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவரா?

இல்லை. பிறந்து வளர்ந்தது ரோஸ் ஹில். அப்பா பஸ் டிரைவர். அம்மா பின்னலாடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அப்பாவின் அப்பா தெற்கே சவான் மாவட்டத்தில் கரும்பு வெட்டினார். அவருக்கு முந்தியவர்கள் எந்த ஊரில் கப்பல் ஏறினார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. மோக்காவில் இருக்கும் குடியேற்ற ஆவணக் காப்பகத்தில் பழைய பதிவேடுகள் உண்டு. ஒருநாள் உட்கார்ந்து தேட வேண்டும் என்று அப்பாவும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவின் பேச்சுமொழி. டி.வி. பெரும்பாலும் பிரெஞ்சு. பள்ளிப் புத்தகம் இங்கிலீஷ். தமிழ் கோவிலில் காதில் விழும். அதுவும் பாட்டாகவும் மந்திரமாகவும்தான், பேச்சாக இல்லை.

அப்புறம் இவ்வளவு தமிழ் எங்கே படித்தீர்கள்?

முழுக்க முழுக்கப் பள்ளியில். இங்கே அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்க்கும்போதே பிள்ளைக்கு ஒரு ஆசிய மொழி வேண்டுமா, எது வேண்டும் என்று கேட்பார்கள். இந்தி, உருது, தமிழ், தெலுங்கு, மராத்தி, மாண்டரின், அரபு ஆகியவை நெடுங்காலமாக இருக்கின்றன. 2012 முதல் கிரியோலும் விருப்பப் பாடமாக வந்திருக்கிறது. அம்மா எனக்குத் தமிழ் என்று எழுதிக் கொடுத்தார். பிறகு மேல்நிலையிலும் விடாமல் படித்து, கேம்பிரிட்ஜ் நடத்தும் எச்.எஸ்.சி. தேர்வில் தமிழை முக்கியப் பாடமாக எழுதினேன். மோக்காவில் 1970-இல் தொடங்கிய மகாத்மா காந்தி நிறுவனத்தில் பி.ஏ. தமிழ். அதன்பின் இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். உதவித்தொகையில் சென்னையில் எம்.ஏ.

சென்னைக்குப் போன புதிதில் நான் வாயைத் திறந்தால், 'நீங்க சிலோனா?' என்று கேட்பார்கள். பாடப்புத்தகத்தில் இருக்கிறபடியே பேசிக்கொண்டிருந்தேன். காய்கறிக் கடையில் நின்று, பக்கத்தில் நிற்பவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று கவனித்துத்தான் பேச்சுத் தமிழ் வந்தது. அந்தக் கடைக்கார அக்காவுக்கு என் பட்டத்தில் பங்கு உண்டு.

மொரீஷியசுக்குத் தமிழர்கள் கரும்புத் தோட்ட வேலைக்காகத்தானே வந்தார்கள்?

தமிழ்நாட்டு நண்பர்கள் எல்லோரும் கேட்பது இது. பாதி சரி. தோட்டக் கூலிகள் வருவதற்கு ஏறத்தாழ 100 வருஷம் முன்பே இங்கே தமிழர் இருந்தார்கள். அப்போது ஆண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1735-இல் கவர்னராக வந்த மாஹே தெ லா பூர்தொனே போர்ட் லூயிசைத் துறைமுக நகரமாகக் கட்டி எழுப்பிய காலத்தில், கொத்து வேலை, தச்சு வேலை, கொல்லு வேலை தெரிந்தவர்களைப் புதுச்சேரிப் பக்கமிருந்து வரவழைத்தார்கள். நகரின் கிழக்கே அவர்கள் குடியிருந்த இடத்துக்கு மலபார் முகாம் என்று பெயர். தமிழரையும் அன்றைக்கு மலபாரிகள் என்றுதான் பிரெஞ்சுக்காரர்கள் சொன்னார்கள்.

1810-இல் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போனது. அடிமை முறை ஒழிந்தபோது தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1834 நவம்பர் 2-ஆம் தேதி அட்லஸ் கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 பேரை இறக்கியது. பின்னாலேயே சென்னை மாகாணத்திலிருந்தும் கப்பல்கள் வந்தன. மொத்தமாக ஏறத்தாழ 4,50,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். அவர்கள் இறங்கிய ஆப்பிரவாசி காட் படித்துறையை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஆக, இங்கே சில குடும்பங்கள் வந்து ஏழெட்டுத் தலைமுறை ஆகிவிட்டது. மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பதுபோல வீட்டில் தமிழ் பேசும் தாத்தா பாட்டி என் மாணவர்களுக்கு இல்லை. அந்தத் தாத்தா பாட்டியே கிரியோல் பேசி வளர்ந்தவர்கள். நான் இந்த வேலைக்கு வந்த காரணம் இதில்தான் இருக்கிறது.

நல்ல வேலையில் இருந்தீர்களாமே! அதை விட்டு ஏன் ஆசிரியர் வேலை?

எபேனில் பிரெஞ்சு வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் அலுவலகத்தில் இருந்தேன். சம்பளம் நன்றாக இருந்தது, கூட வேலை செய்தவர்களும் நல்லவர்கள். அந்த வேலை பிடிக்காமல் ஓடி வந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

என்னை இழுத்தது நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது எங்களுக்குத் தமிழ் எடுத்த மிஸ். அவர் எங்களோடு தமிழில் பேசினார். தமிழ் டீச்சர் தமிழில் பேசுவதில் என்ன அதிசயம் என்று தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குத் தோன்றும். இங்கே அது அதிசயம்தான். பெரும்பாலான பாடங்கள் இப்படி நடக்கும்: ஆசிரியர் பாடத்தைத் தமிழில் வாசிப்பார், கிரியோலில் விளக்குவார், பிள்ளைகள் பதிலைப் பார்த்து எழுதுவார்கள். எழுத்து வரும், எழுத்துக்கூட்டி வாசிக்கவும் வரும்; 'சாப்பிட்டாயா?' என்று கேட்டால் பதில் வராது.

அந்த மிஸ் வராந்தாவில் பார்த்தாலும் தமிழ்தான், பஸ் நிறுத்தத்தில் பார்த்தாலும் தமிழ்தான். நாங்கள் கிரியோலில் பதில் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். அதையே தமிழில் மெதுவாகத் திருப்பிச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். வாயில் எதுவும் வராமல் நான் நின்ற நேரங்களில் அவர் முகத்தில் அவசரமே இருக்காது. ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, 'மிஸ், என் குடை வீட்டில் இருக்கு' என்று சொன்னேன். பாடத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தை நானாகத் தமிழில் சொன்னது அதுதான் முதல்முறை. கோவிலுக்கும் பரீட்சைக்கும் மட்டும் என்று நினைத்திருந்த மொழியில் குடையைப் பற்றியும் பேசலாம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் ஓய்வு பெற்றுப் போனார். அந்த வராந்தாவில் தமிழ்ச் சத்தமும் அவரோடு போய்விட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இங்கே ஒரு குழந்தை தமிழில் பேசக் கேட்பது பெரும்பாலும் ஒரே ஒரு பெரியவரிடம், அதுவும் பாட வேளையில் மட்டும். அந்த ஒருவரும் கிரியோலில் பேசினால், ஆறு வருஷம் தமிழ் படித்தும் அந்தக் குழந்தை தமிழைக் கேட்டிருக்காது. வேறு எந்த வேலையிலும் என் வாய்ப்பேச்சுக்கு இவ்வளவு மதிப்பு கிடையாது. எபேனில் நான் விட்டுவந்த நாற்காலியில் அடுத்த வாரமே வேறொருவர் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளோடு தமிழில் பேச முன்வருகிறவர்களை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும்.

உண்மையைச் சொல்லுங்கள், அரசு வேலை என்பதற்காகத்தானே?

அதுவும் ஒரு காரணம், மறைக்க என்ன இருக்கிறது? மாதச் சம்பளம் நிச்சயம், டிசம்பரில் விடுமுறை உண்டு, அப்பா அம்மாவுக்கு நிம்மதி. ஓர் ஆசிரியருக்கு வயிற்றுக்கவலை இருந்தால் அவரால் வகுப்பில் பொறுமையாக இருக்க முடியாது. சேவை மனப்பான்மை இருக்கிறவர்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்கிற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. அப்படிப் பேசிப் பேசித்தான் நல்ல ஆட்களை வேறு வேலைக்கு அனுப்பிவிடுகிறோம்.

எம்.ஏ. படித்துவிட்டு எதற்குத் தொடக்கப் பள்ளி? காலேஜில் எடுக்கலாமே?

(தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: இங்கே காலேஜ் என்றால் மேல்நிலைப் பள்ளி.) என் அத்தை இதைக் கேட்காத ஞாயிற்றுக்கிழமை இல்லை.

என்னோடு தொடக்கப் பள்ளியில் தமிழ் படித்தவர்கள் ஒரு வகுப்பு நிறைய இருந்தார்கள். மேல்நிலைக்குப் போனதும் ஒவ்வொருவராக விட்டுவிட்டு அறிவியலுக்கும் கணக்கியலுக்கும் போனார்கள். எச்.எஸ்.சி. வரும்போது ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் அளவுக்குத்தான் மிஞ்சினோம். அங்கே போய்ப் பாடம் எடுத்தால் ஏற்கெனவே தமிழைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு எடுக்கிறேன். விடலாமா வேண்டாமா என்று ஒரு பிள்ளை முடிவு செய்வது அதற்கு வெகு முன்னால், ஏழு எட்டு வயதில், தமிழ் வகுப்பு என்றதும் அதன் முகம் எப்படி மாறுகிறது என்பதிலேயே தெரிந்துவிடும். அந்த வயதில்தான் நான் அங்கே இருக்க வேண்டும்.

இந்த வேலைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

எச்.எஸ்.சி. முடித்திருக்க வேண்டும், தமிழில் தேர்ச்சி வேண்டும். பொதுப்பணி ஆணையம் பயிற்சி ஆசிரியர் வேலைக்கு விளம்பரம் கொடுக்கும்போது விண்ணப்பிக்கலாம். ரெடுயியில் இருக்கும் மொரீஷியஸ் கல்வியியல் நிறுவனமும் மோக்காவின் மகாத்மா காந்தி நிறுவனமும் சேர்ந்து பயிற்சி தருகின்றன. தகுதி விவரம் அவ்வப்போது மாறும். விளம்பரத்தை முழுக்க வாசித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

தமிழ் வகுப்பு எப்படி நடக்கும்?

மொழிப் பாட வேளை வந்ததும் வகுப்பு பிரியும். இந்திப் பிள்ளைகள் ஓர் அறைக்கு, உருதுப் பிள்ளைகள் ஓர் அறைக்கு, தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம். பையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் வரிசையாக வருவார்கள். பெரிய பள்ளியில் தமிழுக்கென்று தனி அறை இருக்கும். என்னுடையது சிறிய பள்ளி. சில நாள் நூலகத்தில், சில நாள் காலியாக இருக்கிற வகுப்பில் நடத்துகிறேன். அதனால் சுவரில் எதையும் நிரந்தரமாக ஒட்ட முடியாது. எழுத்து அட்டைகளைக் கயிற்றில் கோத்து வைத்திருக்கிறேன். வந்ததும் இரண்டு ஜன்னலுக்கு நடுவே கட்டிவிடுவேன், முடிந்ததும் அவிழ்த்துச் சுருட்டிக்கொள்வேன். கட்டுவதற்கு இப்போது பிள்ளைகளுக்குள் போட்டி.

எண்ணிக்கை குறைவு என்பதில் ஒரு நன்மை உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு நாளும் வாயைத் திறந்து பேசியே ஆக வேண்டும். முப்பது பேர் வகுப்பில் அது நடக்காது.

தமிழே தெரியாத பிள்ளைக்கு முதல் பாடம் என்ன?

அ, ஆ, இ-யில் தொடங்குவதுதான் வழக்கம். நான் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். முதல் வாரத்தில் அவர்கள் குடும்பப் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன்.

கப்பலில் வந்தவர்களின் பெயர்களைக் குடியேற்ற அலுவலக எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். அப்படி எழுதப்பட்ட ஒருவரின் பெயரே அவர் சந்ததிக்குக் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. இன்றைக்குப் பள்ளிப் பதிவேட்டில் அவை பிரெஞ்சு உச்சரிப்போடுதான் இருக்கின்றன: ஆர்மூகோம், வீராப்பென், சின்னதாம்பூ.

மூன்றாம் வகுப்பில் ஆர்மூகோம் என்று ஒரு பையன். கரும்பலகையில் 'ஆறுமுகம்' என்று எழுதிக் காட்டினேன். அவன் நோட்டில் 'ஆ' எழுதினான். 'று' எழுதும்போது அடியில் வரும் சுழி எந்தப் பக்கம் போகிறது என்று இரண்டு தடவை கரும்பலகையைப் பார்த்தான். முடித்ததும், ஆறு என்றால் என்ன எண் என்று கேட்டேன், தெரியும். முகம் எது என்று கேட்டேன். கன்னத்தைத் தொட்டுக் காட்டினான். பிறகு இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தான். காவடிக்கு வருஷா வருஷம் போகிற பையன் அவன். கோவில் படத்தில் முருகனுக்கு எத்தனை முகம் என்று அவனுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரம் அவன் அப்பா பள்ளி வாசலில் நின்றார். தன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டி, 'எனக்கும் எழுதித் தாருங்கள் மிஸ்' என்று கிரியோலில் கேட்டார். பையனையே எழுதித் தரச் சொன்னேன்.

பெயருக்குப் பிறகு சமையலறை. கறிவேப்பிலையைக் கரிப்புலே என்றும், கொத்தமல்லியைக் கொத்தோமிலி என்றும், முருங்கையை முரும் என்றும் கிரியோலில் எல்லா இனத்தாரும் சொல்கிறார்கள். பாதி ஒலி ஏற்கெனவே வாயில் இருக்கிறது என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்குப் பயம் போய்விடும். 247 எழுத்து என்று முதல் நாளே அட்டவணையைக் காட்டி மிரட்ட வேண்டிய அவசியம் இல்லை.

வகுப்பில் கிரியோல் பேசவே கூடாது என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. கிரியோல் அவர்கள் தாய்மொழி. ஒரு பிள்ளைக்கு வயிறு வலித்தால் கிரியோலில்தான் சொல்லும், சொல்லட்டும். ஆனால் நான் தமிழில் பேசுவேன். கையைக் காட்டி, படம் வரைந்து, நடித்துக் காட்டிப் புரியவைப்பேன். எதுவும் எடுபடாவிட்டால் ஒரு வரி கிரியோல், உடனே திரும்பத் தமிழ்.

கிரியோலைத் தெரிந்து வைத்திருப்பது ஆசிரியருக்கு மிகவும் உதவும். பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். கிரியோலில் 'மோ மான்ஜே, தோ மான்ஜே, லி மான்ஜே' என்று யார் சாப்பிட்டாலும் வினை மாறாது. தமிழில் சாப்பிட்டேன், சாப்பிட்டாய், சாப்பிட்டான், சாப்பிட்டாள், சாப்பிட்டது என்று வால் மாறிக்கொண்டே போகும். 'லி' என்றால் அவனும் அவளும் அதுவும்தான். அதனால் 'அம்மா வந்தான்', 'நாய் வந்தாள்' எல்லாம் சகஜம். இதை மனப்பாடம் செய்ய வைத்தால் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும். நான் பொம்மைகளை வைத்துக்கொண்டு விளையாட வைக்கிறேன்: ஒரு பிள்ளை பொம்மையை நடக்க விடும், மற்றவர்கள் யார் வந்தது என்று பார்த்து வினையைச் சொல்ல வேண்டும்.

'எனக்குப் பசிக்கிறது' இன்னொரு முட்டுக்கட்டை. கிரியோலில் பசி நேராக 'நான்' மேல் ஏறும். தமிழில் பசி எனக்கு வருகிறது. 'நான் பசி மிஸ்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், இடைவேளைக்கு முன்னால் தினமும் ஒருவரையொருவர் 'உனக்குப் பசிக்கிறதா?' என்று கேட்டுக் கேட்டே சரியாகிவிட்டார்கள்.

ஒலிகளில் ல, ள, ழ மூன்றும் அவர்கள் காதுக்கு ஒன்றுதான். 'ர' தொண்டையிலிருந்து வரும். இதில் நான் கண்டிப்பாக இருப்பதில்லை. தமிழ்நாட்டிலேயே 'ழ' வராதவர்கள் ஏராளம். எட்டு வயதில் அதற்காகப் பேச்சையே நிறுத்த வேண்டியதில்லை.

மதிப்பெண்ணுக்காகத்தானே பிள்ளைகள் தமிழ் எடுக்கிறார்கள்?

சில பெற்றோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் இங்கே அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆறாம் வகுப்பு முடிவில் முன்பு சி.பி.இ. தேர்வு, நல்ல மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைப்பது அதன் தரவரிசையைப் பொறுத்தது. ஆசிய மொழி மதிப்பெண்ணை அதில் சேர்ப்பதா வேண்டாமா என்பது ஆட்சியையே அசைத்த கேள்வி. சேர்ப்பதற்காக 1995-இல் அரசு கொண்டுவந்த அரசியலமைப்புத் திருத்தம் நாடாளுமன்றத்தில் தோற்றது. டிசம்பரில் தேர்தல் வந்தது. மொரீஷியஸ் தீவின் 60 இடங்களையும் எதிர்க்கட்சிக் கூட்டணி வென்றது. இப்போது சி.பி.இ. இல்லை, 2017 முதல் அதன் இடத்தில் பி.எஸ்.ஏ.சி. என்ற தேர்வு.

மதிப்பெண் போராட்டம் நியாயமானது. மற்ற பாடங்களுக்குச் சமமாக எங்கள் பாடத்தையும் நடத்துங்கள் என்று கேட்டோம். ஆனால் அதன் விளைவாக, தமிழ் என்றாலே பழைய வினாத்தாள் என்று ஆகிவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. கோடிட்ட இடத்தை நிரப்பி முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளை, பக்கத்தில் இருப்பவனிடம் ரப்பர் கேட்கத் தமிழில் தெரியாமல் நிற்கிறது. என் பிள்ளைகளையும் தேர்வுக்குத் தயார் செய்கிறேன், அது என் கடமை. ரப்பரையும் கேட்க வைக்கிறேன்.

ஏற்கெனவே இங்கிலீஷ், பிரெஞ்சு, கிரியோல். இன்னொரு மொழி பாரம் இல்லையா?

மனப்பாடமாக நடத்தினால் பாரம்தான். பேச்சும் விளையாட்டுமாக நடத்தினால், நாள் முழுக்க இரண்டு மூன்று மொழிக்கு நடுவே வாழும் இந்தப் பிள்ளைகளுக்கு நான்காவது மொழி அவ்வளவு கஷ்டம் இல்லை.

மொரீஷியஸ் ரூபாய் நோட்டிலேயே தமிழ் இருக்கிறதே, பிறகு என்ன கவலை?

இருக்கிறது, இங்கிலீஷுக்கு அடுத்தபடி தமிழ். 1998 நவம்பரில் வந்த புது நோட்டுகளில் தமிழை மூன்றாம் இடத்துக்குத் தள்ளியிருந்தார்கள். தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் அவற்றைத் திரும்பப் பெற்று, பழையபடி மாற்றி அச்சிட்டார்கள். அந்தப் போராட்டம் எனக்குப் பெருமை. அந்த நோட்டைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு 'நூறு ரூபாய்' என்று வாசிக்கத் தெரிய வேண்டும் என்பது என் வேலை. எழுத்துக் கூட்ட ஆரம்பித்த வகுப்புக்கு நோட்டைத்தான் முதல் வாசிப்புப் பாடமாகக் கொடுத்தேன்.

தமிழர் அல்லாத பிள்ளைகள் தமிழ் எடுக்கலாமா?

தாராளமாக. பெற்றோர் எழுதிக் கொடுத்தால் போதும்.

எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா, எதைச் சொல்லித் தருகிறீர்கள்?

இரண்டும். இதில் எனக்கும் சில மூத்த ஆசிரியர்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. புத்தகத் தமிழை மட்டும் சொல்லித் தர வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்கிறார்கள் அவர்கள். புத்தகத் தமிழ் மட்டும் படித்த பிள்ளை ஒரு தமிழ்ப் படத்தைப் பார்த்தால் ஒரு வசனமும் புரியாது. சென்னையில் ஆட்டோ பிடிக்கவும் முடியாது. இவ்வளவு நாள் படித்தது தமிழே இல்லையோ என்று சலித்துப் போகும்.

குழம்புவார்கள் என்கிற பயத்துக்கும் இங்கே இடம் குறைவு. வாயில் கிரியோல், நோட்டில் பிரெஞ்சு என்று பிறந்ததிலிருந்து பழகியவர்கள் இவர்கள். எழுதும்போது 'உட்காருங்கள்', பேசும்போது 'உக்காருங்க' என்று சொன்னதும் அவர்களுக்கு அது புதிதாகவே படவில்லை. 'பிரெஞ்சு மாதிரியா மிஸ்?' என்று ஒரு பெண் கேட்டாள். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள்.

எங்களுக்குத் தமிழ் தெரியாது. வீட்டில் நாங்கள் என்ன செய்வது?

பெற்றோர் கூட்டத்தில் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். தயங்க வேண்டாம், என் அப்பா அம்மாவுக்கும் தெரியாது.

சாப்பிடும்போது, இன்றைக்கு என்ன தமிழ் படித்தாய் என்று கேட்டு, அந்த ஒரு வரியைப் பிள்ளையிடமிருந்து நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். அப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம் என்றால் அதற்கு ஒரு மிடுக்கு வரும். தப்பாகச் சொன்னால் திருத்தப் போகாதீர்கள், திருத்துவதற்கு நான் இருக்கிறேன். தமிழுக்கென்று தனியாக லெசோன் (டியூஷன்) வைக்க வேண்டாம். ஏற்கெனவே சாயங்காலம் முழுக்க லெசோனில்தான் போகிறது. அதற்குப் பதிலாகக் கோவிலில் நடக்கும் தமிழ் வகுப்புக்கு அனுப்பலாம், அங்கே வேறு ஊர்ப் பிள்ளைகளோடு பழகலாம்.

கோவிலில் பலர் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்த நோட்டைப் பார்த்துத்தான் பாடுகிறார்கள். என் பாட்டியிடமும் அப்படி ஒரு நோட்டு உண்டு, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. அதைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். தமிழ் எழுத்து தெரியாத தலைமுறைகள் பாட்டை விடாமல் காப்பாற்றியது அதில்தான். எழுத்துக் கற்ற பேரப்பிள்ளை இருந்தால், எதிர்ப் பக்கத்தில் அதே பாட்டைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் இருக்கிறோம். நாங்கள் எப்படி உதவலாம்?

பணம் வேண்டாம். பழைய பாடப்புத்தகங்களும் வேண்டாம். நல்ல மனதோடு அனுப்புகிறீர்கள், ஆனால் தமிழைத் தாய்மொழியாகப் பேசும் பிள்ளைக்காக எழுதியவை அவை, எங்கள் பிள்ளைகளுக்கு எட்டாது. ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, பெரிய எழுத்து, நல்ல படம் உள்ள கதைப் புத்தகங்கள் இருந்தால் அனுப்புங்கள். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் வாசிப்பு நிலை வாரியாகத் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை அச்சிட்டு வகுப்பில் பயன்படுத்துகிறேன். 2001-இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைப் பாடங்களும் உதவுகின்றன.

எல்லாவற்றையும்விட எனக்கு வேண்டியது குரல். என் ஒருத்தி குரலை மட்டும் கேட்டுப் பழகியவர்களுக்கு வேறு ஒருவர் பேசினால் புரிவதில்லை. உங்கள் வீட்டில் ஏழு எட்டு வயதுப் பிள்ளை இருந்தால், காலையில் என்ன சாப்பிட்டது, பள்ளிக்கு எதில் போனது, யாரோடு சண்டை போட்டது என்று ஒரு நிமிஷம் பேச வைத்துப் பதிவு செய்து அனுப்புங்கள். எழுதி வைத்து வாசிக்க வேண்டாம். திக்கினாலும், நடுவில் குக்கர் விசில் அடித்தாலும் பரவாயில்லை. மதுரைப் பேச்சு, கோவைப் பேச்சு, நெல்லைப் பேச்சு எல்லாம் வேண்டும். எங்கள் பிள்ளைகள் கேட்டுவிட்டுப் பதில் அனுப்புவார்கள். கொஞ்சம் நாள் ஆகும், காத்திருங்கள்.